பச்சை பூக்கும் முன்

1934 ஜூலை 16, திங்கள்

இன்றும் தவிடு புளித்துவிட்டது. கொட்டகைக்குள் நுழையும்போதே தெரிந்தது. மூடி வைத்து மறந்துபோன பழைய சோற்றுப் பானையைத் திறந்தாற்போல ஒரு வாடை. பச்சையம்மாக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டுகளைத் தூக்கி வெளியே வைத்தாள். வாசலில் கட்டியிருந்த வண்டி மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"மாடே வாணாங்குது டீச்சரம்மா. நீ இத்தப் போட்டுத் துணி வெளுக்கப் போறியா?"

சிரித்தேன். சிரிக்க என்ன இருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

தறியிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும். கஞ்சி போகாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். தண்டையார்பேட்டையில் காஜா மொய்தீன் சாயபுவின் சாயப்பட்டறையில் இதுவரை இரண்டு வழிதான். தொட்டியில் ஊறப்போட்டு அழுகவிடுவது ஒன்று. அதில் நாற்றம் தெருமுனை வரைக்கும் போகும், சில சமயம் துணியே இற்றுவிடும். மற்றது, சீமையிலிருந்து பீப்பாயில் வரும் மால்ட் சாறு, முளைகட்டிய பார்லியில் வடித்தது. கப்பல் தாமதமானால் பட்டறை கைகட்டிக் காத்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ஜப்பானில் ஒருவகைப் பூஞ்சணத்தைத் தானியத்தில் வளர்க்கிறார்கள். அது தன் சாப்பாட்டுக்காக ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் கஞ்சியைச் சர்க்கரையாகக் கரைத்துவிடும். பூத்த தவிட்டை ஊறவைத்து வடித்த தண்ணீரே போதும், பீப்பாய் வேண்டாம்.

கல்லூரியில் எனக்கு ரசாயனம் நடத்திய அம்மையார் பெங்களூரிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயில் பூஞ்சண விதை வரவழைத்துக் கொடுத்தார். சாயபு, தன் மகளுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிரியத்தில், பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகையையும் உதவிக்குப் பச்சையம்மாக்காவையும் கொடுத்தார். எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். பூஞ்சணம்தான் பாக்கி.

ஜூலை 19, வியாழன்

தண்ணீர் அதிகம். அதுதான் விஷயம். நனைத்த தவிட்டைக் கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டு மாவுப் பதம். நான் களிப் பதத்தில் வேகவைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு விட இடமில்லாமல் அடைத்து வைத்துவிட்டுப் பூஞ்சணத்தைக் குறை சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 21, சனி

தட்டு முழுக்க வெள்ளை. பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல. அவித்த வேர்க்கடலை வாடை.

ஜூலை 28, சனி

வெள்ளை இரண்டு நாளில் மஞ்சளாகி, பிறகு பச்சையாகிறது. நன்றாகப் பச்சை ஏறிய பிறகே எடுத்தேன். முற்ற வேண்டும் அல்லவா. ஊறவைத்து வடித்து, அந்தத் தண்ணீரைக் கஞ்சிக் கிண்ணத்தில் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொட்டு அயோடின். கஞ்சி இருந்தால் நீலமாகும். நீலம் வரவில்லை. சொட்டு விழுந்த இடத்தில் வெறும் மஞ்சள்.

சாயபுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது எனக்குப் புரியல. ஒங்கள நம்பறேன். கைக்குட்டைத் துணி மார்கழில கப்பல் ஏறணும். நோன்பு பொறக்கறதுக்குள்ள தொட்டி அளவுக்கு செஞ்சு காட்டுங்க. இல்லாட்டி நான் பீப்பாய்க்குத் தந்தி அடிச்சுடுவேன். அத மனசுல வெச்சுக்காதீங்க."

சாயத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சௌக்கத் பாய் பின்னால் நின்றிருந்தார். மணிக்கட்டு வரைக்கும் நீலமேறிய கைகள். அவருக்கு ஒரே கேள்வி. "கஞ்சியத் தின்ற பூசணம் நூல வுட்டு வைக்குமா?" அது கஞ்சியை மட்டும்தான் தொடும் என்றேன். "தொட்டியில போடற அன்னிக்குப் பாக்கலாம்" என்று போய்விட்டார். நியாயமான கேள்விதான். துணி ஓட்டையானால் திட்டு வாங்குவது அவர்.

ஆகஸ்ட் 11, சனி

ஓயாத தும்மல். அம்மா கடல் காற்று என்கிறாள். பிறந்ததிலிருந்து ராயபுரத்தில் இருக்கிறேன், கடல் காற்று எனக்கு இப்போதுதான் ஆகாமல் போயிற்றா?

ஆகஸ்ட் 23, வியாழன்

தட்டுகளை அதிகமாக்கினால் வேலை பெருகும் என்று நினைத்து, இருக்கிற தட்டிலேயே தவிட்டைக் கனமாகப் பரப்பினேன். காலையில் நடுவில் எல்லாம் பழுப்பு. மூத்திர வாடை. ஓரத்தில் மட்டும் பூஞ்சணம் பிழைத்திருந்தது.

பச்சையம்மாக்கா தவிட்டுக்குள் கையை விட்டுச் சட்டென்று எடுத்தாள். "ஜொரம் அடிக்குது இதுக்கு. தொட்டுப் பாரு."

தொட்டேன். உண்மையாகவே காய்ச்சல். அடுப்பு இல்லை, வெயில் இல்லை. பூஞ்சணம் தின்று வளர்கிற சூடு அது. தன் சூட்டிலேயே வெந்து செத்திருக்கிறது. கொட்டகையைக் குளிர வைக்க ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன், தவிட்டுக்குள்ளே கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இனி மெல்லிசாகப் பரப்ப வேண்டும். பின்னிக்கொண்டு அடையாகும்போது ஒருமுறை கையால் உதிர்த்துவிட வேண்டும். சாயபுவிடம் கேட்டு மூங்கில் தட்டுகள் இன்னும் வாங்கியாகிவிட்டது. இன்று மனம் நிறைந்திருக்கிறது. அம்மாவுக்கு மீன் குழம்பு நான் வைத்தேன்.

செப்டம்பர் 2, ஞாயிறு

கோயிலில் ஆராதனைப் பாட்டுக்கு மூச்சு நன்றாக நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 5, புதன்

திங்களன்று கொட்டகைக்குப் போனால் வருகிறது. இருமல், பிறகு நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம். பச்சைத் தட்டைக் கொட்டும் நாளில் அதிகம். எனக்கா தெரியாது, என்ன தூசி என்று? மாலையில் கல்மண்டபத்துப் பக்கம் நடந்து வரும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு, "உக்காந்துட்டுப் போம்மா" என்றாள். உட்காரவில்லை. யாராவது தெரிந்தவர்கள் பார்த்தால்?

சாயபுவுக்குத் தெரிந்தால் கொட்டகையை மூடிவிடுவார்.

செப்டம்பர் 6, வியாழன்

யாரிடமும் சொல்லப்போவதில்லை.

செப்டம்பர் 19, புதன்

படுக்கையில் இருந்து எழுதுகிறேன். தலையணை மூன்று அடுக்கி அம்மா சாய்த்து வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை நடந்தது. பச்சைத் தட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தோம். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் தூசி புகை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு உள்ளே போகுது, வெளியே வரல. நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தற மாதிரி. சுவத்தப் பிடிச்சேன் -- பிடிச்சேன்னுதான் நெனச்சேன். தட்டு விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

கண் விழித்தபோது வெளியே, நீல நூல் காயும் கொடிகளுக்குக் கீழே கிடந்தேன். தலை பச்சையம்மாக்காவின் மடியில். என்னைத் தனியாகத் தூக்கி வந்திருக்கிறாள்.

"மெதுவா வுடு. அவசரமே இல்ல. நான் கீறேன்ல" என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போது அவளும் இருமினாள். எனக்கு நன்றாகத் தெரிந்த இருமல் அது.

"அக்கா, உங்களுக்குமா?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஆடி மாசத்துலேர்ந்தே கீது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கொட்டாய மூடிடுவ. நான் மறுபடியும் ஹார்பர்ல கரிக்கூடை தூக்கப் போவணும். அது மட்டும் நெஞ்சுக்கு நல்லதா?" என்றாள். பிறகு, "நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் ஒரே அறைக்குள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி இருமிக்கொண்டிருந்திருக்கிறோம், இத்தனை நாளாக.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "மருந்து தருகிறேன். ஆனால் அந்தத் தூசியை விட்டு விலகாமல் எந்த மருந்தும் கேட்காது" என்றார். அம்மா வீட்டுக்கு வந்து என் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

செப்டம்பர் 24, திங்கள்

எழுந்து நடக்கலாம். முதல் நடை சாயபுவிடம். அம்மாவும் கூட வந்தாள், நான் உண்மையைச் சொல்கிறேனா என்று பார்க்க.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்கு இருப்பதையும், அவளைக் கேட்டுக்கொண்டுதான். சாயபு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பொம்பளைங்க நெஞ்ச அடைச்சு எனக்குத் துணி வெளுக்க வாணாம். மூடிடலாம்மா. ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. பச்சையம்மாவுக்குத் துணி காயப்போடற எடத்துல வேல தரேன், அதே கூலி."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்படிப் பேசினால் என்ன செய்வது.

நோன்பு வரைக்கும் என்று முதலில் சொன்னீர்கள், அது வரைக்கும் விடுங்கள் என்று கேட்டேன். பச்சைத் தட்டு ஒன்றைக்கூட யாரும் கிளற மாட்டோம். வேறு வழி கிடைத்தால் சரி, இல்லையென்றால் நானே சாவியைத் தருகிறேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அவ அப்பா மாதிரி. நான் சொன்னா கேக்க மாட்டா" என்றாள். அது சம்மதமா, புகாரா, இன்னும் தெரியவில்லை.

"இன்னொரு தபா யாராச்சும் வுழுந்தா நானே பூட்டுப் போட்டுடுவேன்" என்றார் சாயபு.

அக்டோபர் 3, புதன்

காலையிலிருந்து ஒரே யோசனை. கொட்டகைக்குப் போகவில்லை.

தூசி என்றால் என்ன? விதை. பச்சையாகத் தெரிவதே விதைதான். வெள்ளையாக இருக்கும்போது தட்டைக் கிளறினால் ஒன்றும் பறப்பதில்லை. வெள்ளைத் தட்டுக்கு நான் ஒருநாளும் இருமியதில்லை.

அப்படியென்றால் வெள்ளையிலேயே எடுத்துவிட்டால்?

சத்து குறைவாக இருக்கும். பிஞ்சு அல்லவா? குறைந்தால் என்ன, தவிடு அதிகமாகப் போட்டுக்கொள்ளலாம். -- இல்லை, நில். பிஞ்சு என்று யார் சொன்னது? பூஞ்சணம் கஞ்சியைக் கரைப்பது வளர்வதற்காக. வளர்ந்து முடிந்துதான் விதை வைக்கிறது. விதை வைத்த பிறகு அது எதற்காகச் சுரக்க வேண்டும்? மாங்காய் பழுப்பது போலப் பச்சை ஏற வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானாக நினைத்துக்கொண்டேன், நானாகக் காத்திருந்தேன், அந்தக் காத்திருப்பில் இரண்டு பேர் நெஞ்சும் கெட்டது.

கோபம் வருகிறது. கூடவே ஒரு குறுகுறுப்பும்.

அக்டோபர் 10, புதன்

ஒரே நாளில் விதைத்த தட்டுகளை ஒவ்வொரு நிலையில் ஒன்றாக எடுத்தேன். இளவெள்ளை, அடை கட்டிய வெள்ளை, ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்ப்பது, முழுப் பச்சை. பச்சைத் தட்டைத் தூக்கவே இல்லை. இருந்த இடத்திலேயே மெதுவாகத் தண்ணீர் விட்டு நனைத்துவிட்டேன். மூக்கில் ஈரத்துணி.

எல்லாவற்றையும் வடித்து, கஞ்சிக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, அயோடின் விட்டுக்கொண்டே இருந்தேன். இளவெள்ளை மெதுவாகத்தான் கரைத்தது, எதிர்பார்த்ததுதான். பச்சையில் நீலம் தயங்கித் தயங்கிப் போயிற்று. அடை கட்டிய வெள்ளை, மஞ்சள் எட்டிப் பார்க்கும் முன்பு எடுத்தது, எல்லாவற்றையும் முந்திக்கொண்டு தெளிந்துவிட்டது.

நம்பவில்லை. கிண்ணங்களை இடம் மாற்றி வைத்து மறுபடி செய்தேன். அதேதான். கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று தயாராகத்தான் போயிருந்தேன். கூடுதலாகக் கிடைக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

காயப்போடும் இடத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்பதை அக்காதான் முதலில் கவனித்தாள். "ஏய், மெதுவா வா. மூச்சு இன்னா ஆவறது?"

மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொன்னேன். அவள் ஈரத் துணியைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு, "அப்போ இத்தினி நாளா நாம காத்துகினு இருந்தது தண்டமா?" என்றாள்.

"தண்டம்தான் அக்கா."

"சரி வுடு. நான் எப்போ உள்ள வரட்டும்?"

அக்டோபர் 26, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். கொட்டகைக்குள் காற்றே ஈரமாக இருக்கிறது, பாதித் தட்டுகளில் கறுப்புத் தலையோடு முடி முடியாக வேறு ஏதோ முளைத்துவிட்டது. அத்தனையையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

அக்காவின் புருஷன் வேலப்பன் ஹார்பரிலிருந்து ஒரு பழைய தார்ப்பாய் கொண்டுவந்து கூரை மேல் ஏறிக் கட்டினார். உள்ளே மூலைக்கு ஒன்றாகக் கரி அடுப்பு வைத்து ஈரத்தைக் குறைக்கிறோம். ஆகஸ்டில் குளிர வைக்கப் பாடுபட்டது இதே அறையைத்தான்.

விதைக்கு மட்டும் ஒரு ஜாடியில் பச்சை ஏற விடுகிறேன். ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, துணி மேலேயே தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் விதை தண்ணீரோடு வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் கோலத்துக்கு வாசல் தெளிப்பது போலத் தவிட்டில் தெளித்தால் போதும். தூளாகத் தூவுவது இனி இல்லை.

அக்கா உள்ளே வந்துவிட்டாள். இந்த வாரம் முழுதும் அவள் இருமுகிறாளா என்றே காது வைத்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்திருக்கிறாள். நேற்று இருவருக்கும் ஒரே சமயத்தில் அது தெரிந்துபோய்ச் சிரித்துவிட்டோம்.

நவம்பர் 19, திங்கள்

இன்று தொட்டி.

காலையில் தவிட்டுத் தண்ணீரை வெதுவெதுப்பான தொட்டியில் விட்டு, கைக்குட்டைத் துணியை முக்கினார்கள். சௌக்கத் பாய் யாரையும் பக்கத்தில் விடவில்லை. நான் தூரத்தில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தேன். சாயபு வந்தார், போனார், மறுபடி வந்தார். தந்தி விஷயம் யாரும் பேசவில்லை. நோன்புக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் பாய் துணியை வெளியே இழுத்தார். உள்ளங்கையால் தடவினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "அந்த மருந்த வுடுங்க" என்றார். அயோடின் சொட்டு மஞ்சளாகவே நின்றது. ஓரம், நடு, மடிப்பு, எங்கே விட்டாலும் மஞ்சள். பிறகு அவர் ஒரு ஓரத்தைப் பிடித்துக் கிழித்தார். தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். இன்னொரு இடத்தில் கிழித்தார்.

"நூலு கெட்டியா கீது" என்றார். துணியைச் சாயத்துக்கு அனுப்பினார்.

நவம்பர் 20, செவ்வாய்

சிவப்பு ஒரே சீராகப் பிடித்திருக்கிறது. பாய் கேட்டனுப்பினார்: நாளைக்கு இதே மாதிரி நாலு மடங்கு தர முடியுமா?

தரலாம் என்று பச்சையம்மாக்காவே சொல்லி அனுப்பிவிட்டாள். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

1935 ஜனவரி 8, செவ்வாய்

நேற்று பெருநாள். சாயபு வீட்டிலிருந்து பிரியாணியும் சேமியாவும் எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் வந்தன. அம்மா ஏனத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்று கிறிஸ்துமஸுக்குச் செய்ததில் மிச்சமிருந்த முறுக்கை நிரப்பிக் கொடுத்தாள்.

கைக்குட்டைத் துணி கப்பல் ஏறிவிட்டது. பீப்பாய்க்குத் தந்தி போகவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகைக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள், ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கொத்தனார் என்னைக் கேட்டார். கடல் பக்கம் என்றேன்.

டாக்டரம்மாவிடம் போனேன். இழுப்பு முழுதாகப் போய்விடாது, மழை நாளில் எட்டிப் பார்க்கும் என்றார். தவிட்டு மண்டிப் பக்கம் இன்றும் என்னால் போக முடியவில்லை. மூட்டை உதறுகிற சத்தம் கேட்டாலே எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறேன். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 14, வியாழன்

வெயில் இப்போதே ஏறிவிட்டது. கல் தரையில் கால் வைக்க முடியவில்லை. காயப்போடும் இடத்தில் நிழல் இல்லை, பட்டறைக்குள் கொதிக்கும் தொட்டிகள். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு ஈரச் சாக்கை விலக்கி உள்ளே போனாள். நானும் போனேன். சில்லென்று இருந்தது. அவள் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள், நான் அம்மா கொடுத்த முருங்கைக்காய்ப் பொரியல். மாற்றிக்கொண்டோம். வேலப்பனுக்கு ஹார்பரில் மேஸ்திரி வேலை கிடைக்கும்போல் இருக்கிறது என்று நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்த்திருக்கும் பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றிக் கேட்டாள். பார்ப்போம் என்றேன். "இன்னா பாப்போம், மூஞ்சியே சிரிக்குதே" என்றாள்.

கை கழுவ எழுந்தபோதுதான் சுற்றிலும் பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரைக்கும் எங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் தட்டுகள், எல்லாம் வெள்ளை.

"அக்கா, எங்கே உக்காந்து சாப்பிட்டிருக்கோம் பாருங்க."

அவள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். தூக்கை மூடினாள். "அந்த மூணாவது தட்டு அடை கட்டிடுச்சு. கைய கழுவிகினு வா, உதுத்து வுட்டுடலாம்."